2040-ல் எங்கள் ஊர் சிவப்பாகிவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

ஒரு நகரம் எப்படி வளரும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று போன இதழில் ஒரு பதிலில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை மொத்தமும். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: செல்லுலார் ஆட்டோமேட்டா என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால் கணக்கும் குறியீடுமாக வருகிறது. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா? – வாசகர், செங்கல்பட்டு

பதில்: முடியும். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சின்னச் சதுரத்தில், மூன்றை மட்டும் கறுப்பாக்குங்கள். கறுப்பு என்றால் கட்டடம், வெள்ளை என்றால் காலி நிலம். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டு கட்டங்கள் இருக்கும், மூலைகளையும் சேர்த்து. இப்போது விதி இதுதான்: வெள்ளைக் கட்டத்தைச் சுற்றி மூன்று அல்லது அதற்கு மேல் கறுப்பு இருந்தால் அதுவும் கறுப்பாகும். போட்டுப் பாருங்கள். விட்டுப்போன நாலாவது கட்டம் நிரம்பும், சதுரம் முழுமையாகும், அதோடு ஊர் நின்றுவிடும். ஏனென்றால் அந்தச் சதுரத்துக்கு வெளியே இருக்கிற எந்தக் கட்டத்துக்கும் இரண்டு கறுப்புக்கு மேல் பக்கத்தில் கிடையாது.

சரி, விதியில் மூன்று என்பதை இரண்டு என்று மாற்றுங்கள். அடுத்த சுற்றிலேயே நாலு பக்கமும் இரண்டிரண்டு கட்டமாக எட்டு சேர்ந்து மொத்தம் பன்னிரண்டு ஆகிவிடும். அதற்கடுத்த சுற்றில் இன்னும் வெளியே போகும், தாள் தீர்கிற வரை நிற்காது. ஒரே ஒரு எண்ணை மாற்றினோம், நின்றுபோன ஊர் கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்துவிட்டது. நகரத்தை மேலே இருந்து ஒருவரும் ஆட்டிவைக்கவில்லை, ஒவ்வொரு கட்டமும் தன் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறது, அந்தச் சின்ன முடிவுகள் எல்லாம் சேர்ந்து ஓர் உருவம் வருகிறது. செல்லுலார் ஆட்டோமேட்டா என்பது அவ்வளவுதான். நகர வளர்ச்சியைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற நிஜ மாதிரிகளில் (மாடல்களில்) இதோடு ஒரு தாயக்கட்டையும் சேர்த்துக்கொள்வார்கள், அதாவது மூன்று கறுப்பு பக்கத்தில் இருந்தால் கட்டாயம் கறுப்பாகும் என்று சொல்லாமல், ஆக இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்வார்கள்.

இந்த யோசனை 1940-களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் ஸ்டனிஸ்லாவ் உலாம், ஜான் வான் நாய்மன் என்ற இரண்டு கணித மேதைகளிடம் பிறந்தது. 1970-ல் ஜான் கான்வே என்ற பிரிட்டிஷ் கணிதப் பேராசிரியர் இதையே ‘வாழ்க்கை விளையாட்டு’ ஆக்கி உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். அதே 1970-ல் வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரம் வளர்வதைக் கணினியில் அசையும் படமாகவே ஓட்டிக் காட்டினார். எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது, ஆனால் அருகில் இருப்பதற்குத் தொடர்பு அதிகம் என்று புவியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிற அந்த ‘முதல் விதி’ அந்தக் கட்டுரையில்தான் வருகிறது.

கேள்வி: நான் சிம்சிட்டி விளையாடுகிறேன். அதுவும் இதுவும் ஒன்றா அங்கிள்? – எட்டாம் வகுப்பு மாணவர், சேலம்

பதில்: தூரத்துச் சொந்தம், தம்பி. அதிலும் கட்டங்கள் உண்டு, பக்கத்துக் கட்டம் பாதிக்கிற விதிகள் உண்டு. 1989-ல் அதைச் செய்த வில் ரைட், எம்.ஐ.டி.யில் இருந்த ஜே ஃபாரஸ்டரின் நகர மாதிரிகளைப் படித்துத்தான் அதில் இறங்கினார். ஆனால் உன் விளையாட்டில் நகரம் நிஜ ஊரோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை, இங்கே உண்டு. அப்புறம், ஹோம்வொர்க் முடிந்ததா?

கேள்வி: நகரம் என்ன கணக்கு நோட்டா? ரோடு, மலை, ஏரி, அரசாங்க நிலம் என்று ஆயிரம் இருக்கிறதே. அதையெல்லாம் கட்டத்துக்குள் எப்படி அடைக்கிறார்கள்? விதியை யார் முடிவு செய்கிறார்கள்? – ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் இங்கேதான் உள்ளே வருகிறது. ஒரே இடத்தின் பல வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, கட்டத்துக்குக் கட்டம் பிசகாமல் அடுக்கி வைப்பது அதன் வேலை. ஒரு அடுக்கில் சாலை, ஒன்றில் நிலச் சரிவு, ஒன்றில் ஏற்கெனவே கட்டடம் உள்ள இடம், ஒன்றில் கட்டவே கூடாத இடம். ஒரு கட்டத்தைத் தொட்டால் இத்தனை அடுக்கிலும் அதற்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டும்.

உலகத்தில் அதிகம் பயன்பட்ட மாதிரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம், பெயர் ஸ்லூத். கீத் கிளார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் கூட்டாளிகளும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்காகச் செய்து 1997-ல் வெளியிட்டது. அதில் நகரம் நாலு வழிகளில் வளர்கிறது. முதலாவது, எங்கோ காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு கட்டம் கறுப்பாவது. நம்மூரில் வெறும் பொட்டலில் ஒரு பொறியியல் கல்லூரி முளைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது. இரண்டாவது, அப்படி முளைத்ததைச் சுற்றி டீக்கடை, ஹாஸ்டல் என்று சேர்ந்து அதுவே ஒரு புது மையமாவது. மூன்றாவது, இருக்கிற ஊரின் ஓரம் மெல்ல வெளியே நகர்வது. இதில்தான் மேலே சொன்ன ‘மூன்று கறுப்பு’ விதி இருக்கிறது.

நாலாவதுதான் எனக்குப் பிடித்தது, சாலை. புதிதாகக் கறுப்பான ஒரு கட்டத்தை மாதிரி எடுத்துக்கொள்ளும். இத்தனை தூரத்துக்குள் சாலை இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அந்தச் சாலையில் ஏறி, எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கி, சில கட்டங்கள் நடந்து போய், நின்ற இடத்தில் ஒரு புது விதையைப் போட்டுவிடும். பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் அது பெருகும். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையை நினைத்துப் பாருங்கள். துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று சாலையோரமாகவே கட்டடங்கள் நீண்டு, உள்ளே வயலும் சதுப்பும் கொஞ்ச காலம் அப்படியே இருந்து, பிறகுதான் நிரம்பியது. சீட்டுக் குலுக்கி நடக்கிற ஒரு முட்டாள் விதி இதே உருவத்தைத் தாளில் வரைந்துவிடுகிறது என்பதை முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

விதி யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். விதிகளின் வடிவம் மாதிரியைச் செய்தவருடையது, எண்கள் ஊருடையது. ஸ்லூத்தில் ஐந்து எண்கள்: சிதறல் (திடீரென்று முளைப்பது), இனப்பெருக்கம் (முளைத்தது மையமாவது), பரவல் (ஓரம் நகர்வது), சரிவுக்கான எதிர்ப்பு, சாலையின் ஈர்ப்பு. ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து 100 வரை. சென்னை மாதிரி தட்டையான ஊரில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளை விட்டால் சரிவு பெரிதாகப் பேசாது, கொடைக்கானலில் அதுதான் எல்லாம். இந்த ஐந்து எண்களை ஊருக்குத் தகுந்தபடி கண்டுபிடிப்பதற்குத்தான் அளவுதிருத்தம் என்று பெயர். பழைய வரைபடத்திலிருந்து ஓட ஆரம்பித்து, நமக்குத் தெரிந்த பிந்தைய வருடங்களின் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், குறைந்தது நாலு வருடத்து நகரப் பரப்பு கையில் இருக்க வேண்டும். எல்லாச் சேர்க்கையையும் முயன்று பார்க்கலாம் என்றால் 101-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், ஆயிரம் கோடிக்கு மேல் போகும். அதனால் முதலில் 0, 25, 50, 75, 100 என்று தாவித் தாவி 3,125 சேர்க்கைகள் மட்டும், பிறகு நன்றாக வந்த இடத்தைச் சுற்றி நெருக்கமாக, பிறகு இன்னும் நெருக்கமாக. அதுவும் ஒவ்வொரு சேர்க்கையையும் பல தடவை ஓட்ட வேண்டும், சீட்டுக் குலுக்கல் இருக்கிறதே.

இன்னொன்றும் உண்டு. வளர்ச்சி ஒரு வேகத்தைத் தாண்டினால் மாதிரி தானாகவே அந்த எண்களைக் கூட்டிக்கொள்ளும், மந்தமானால் குறைத்துக்கொள்ளும். ரியல் எஸ்டேட் சூடு பிடிப்பதும் படுத்துவிடுவதும் அதற்குள் அப்படித்தான் வருகிறது.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் எல்லாமே தெரியும் என்கிறார்கள். எங்கள் ஊர் ஏரியைக் காலி நிலம் என்று காட்டும் ஒரு வரைபடத்தைப் பார்த்தேன். எது பொய்? – விவசாயி, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: இரண்டுமே பொய் இல்லை, அதுதான் சிக்கல்.

லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை 1972-லிருந்து பூமியைப் படமெடுக்கிறது, 2008-லிருந்து அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் சோறு போடுகிறது. 1980-களுக்குப் பிறகான படங்களில் ஒரு கட்டம் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் நாலு கிரவுண்டு. அந்த நாலு கிரவுண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு நிறம். அதில் ஒரு வீடு, ஒரு மாமரம், ஒரு கிணற்றடி, காலி மனை எல்லாம் இருந்தாலும் படத்துக்கு அது ஒரு கலங்கிய சாம்பல். சென்னைப் பெருநகரப் பகுதியின் பழைய எல்லை 1,189 சதுர கிலோமீட்டர், அது மட்டுமே இந்த அளவில் 13 லட்சம் கட்டத்துக்கு மேல். 2022-ல் அந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள், அப்போது 65 லட்சத்தைத் தாண்டும். இத்தனை கட்டத்தையும் மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க முடியாது, நிறத்தை வைத்து மென்பொருள் பிரிக்கும்.

இப்போது உங்கள் ஏரிக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை தை மாதப் படத்தில் கறுநீலமாகத் தெரியும், நீர்நிலை என்று மென்பொருள் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் சித்திரை, வைகாசியில் எடுத்த படம் என்றால்? தண்ணீர் வற்றி, வண்டல் வெடித்து, ஆடு மேய்கிற தரை. அது மென்பொருளுக்குத் தரிசு நிலம். இன்னும் மோசம், காய்ந்த வெளிர் மண்ணும் கான்கிரீட்டும் ஒளியைத் திருப்பி அனுப்புவதில் நெருங்கி வருவதால் சில சமயம் கட்டடம் என்றே பதிந்துவிடும். மேகம் இல்லாத படம் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு வெயில் காலப் படம்தான் சுலபமாகக் கிடைக்கிறது, ஆகவே இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது. சதுப்பு நிலமும் இப்படித்தான். சம்பு, கோரை வளர்ந்து நிற்கும் பள்ளிக்கரணையைப் பச்சை என்று ஒரு படமும், தண்ணீர் என்று இன்னொரு படமும், வெறும் மண் என்று மூன்றாவதும் சொல்லும்.

இந்தத் தப்பு வரைபடத்தோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. காலி நிலம் என்று பதிந்த கட்டத்தை மாதிரி என்ன செய்யும்? பக்கத்தில் வீடு இருக்கிறது, சாலை இருக்கிறது, தட்டையான தரை, கட்டு என்று சொல்லும். ஏரியை விடச் சமமான தரை ஊரில் எங்கே இருக்கிறது! மென்பொருளைக் குறை சொல்கிறோம், ஆனால் வேளச்சேரியிலிருந்து முடிச்சூர் வரை மனை போட்டவர்களும் ஏறக்குறைய இதே தர்க்கத்தில்தான் போனார்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் விலக்கு அடுக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கட்டத்தில் கட்டவே முடியாதோ அதற்கு 100, பாதி தடை என்றால் 50, தடையே இல்லை என்றால் பூஜ்யம். ஏரி எல்லையைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்காமல் வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புல எண், ‘அ’ பதிவேட்டிலிருந்து எடுத்து இந்த அடுக்கில் போட வேண்டும். வேலை அதிகம், அலுப்பு, பழைய வரைபடம் நிஜத் தரையோடு சரியாக உட்காராது. அதனாலேயே பலர் இதைச் செய்வதில்லை என்பது என் மனத்தாங்கல். ஒரு மாணவர் ஆறு மாதத்தில் ஆய்வேட்டை முடிக்க வேண்டும் என்றால் அவர் கூகுளில் கிடைப்பதைத்தான் எடுப்பார், அவரைத் திட்டி என்ன பயன்.

கேள்வி: என் எம்.டெக். திட்டத்தில் மாதிரி 96 சதவீதம் சரியாகக் கணித்தது. வழிகாட்டி பாராட்டினார். தேர்வாளர் மட்டும் சிரித்தார். ஏன்? – மாணவி, கோவை

பதில்: அவர் சிரித்திருக்க வேண்டாம்தான், சொல்லிக் கொடுத்திருக்கலாம். நான் சொல்கிறேன்.

பத்தாயிரம் கட்டங்கள் உள்ள ஓர் ஊர் என்று வையுங்கள். பத்து வருடத்தில் நிஜமாக மாறியவை 300. உங்கள் மாதிரியும் 300 கட்டம் மாறும் என்றது, அதில் 100 மட்டும் சரியான இடம். அப்படியானால் 200 இடத்தில் மாற்றத்தைத் தவறவிட்டது, 200 இடத்தில் இல்லாத மாற்றத்தைச் சொன்னது. மொத்தத் தப்பு 400, மீதி 9,600 சரி. 96 சதவீதம்! கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது நான் எந்த மாதிரியும் ஓட்டாமல், ‘பத்து வருடம் கழித்தும் ஊர் இப்படியே இருக்கும்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். என் தப்பு 300 மட்டும். எனக்கு 97 சதவீதம்.

அதனால் மாறாத கட்டங்களை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன மாற்றம் 100. அந்த 100, தவறவிட்ட 200, தவறாகச் சொன்ன 200 மூன்றும் சேர்ந்த 500-ஆல் அதை வகுத்தால் 20 சதவீதம். இதுதான் உங்கள் மாதிரியின் நிஜ மதிப்பெண். மனம் தளர வேண்டாம். பான்டியஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் பலரும் சேர்ந்து பெயர்பெற்ற மாதிரிகளின் 13 பயன்பாடுகளை இப்படித் தோலுரித்து 2008-ல் வெளியிட்டார்கள். படத்தின் மூல அளவில் பார்த்தால் 13-ல் 12-க்குச் சரியாகச் சொன்ன மாற்றத்தை விடத் தப்பே அதிகம். ஆக உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. அடுத்த தடவை ‘ஒன்றும் மாறாது’ என்ற கணிப்பையும் ஒரு வரிசையாக அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடுவதோடு, கட்டங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கியும் ஒப்பிடுங்கள், சரியான தெரு இல்லாவிட்டாலும் சரியான வட்டாரத்தைப் பிடித்ததா என்பது அதில் தெரியும். பிறகு தேர்வாளர் சிரிக்க மாட்டார்.

கேள்வி: 2040-ல் இப்படி இருக்கும் என்று ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் எங்கள் கிராமம் முழுக்கச் சிவப்பு. மச்சான் இப்பவே இரண்டு ஏக்கர் வாங்கிப் போடலாம் என்கிறார். வாங்கலாமா? – வாசகர், ஸ்ரீபெரும்புதூர் அருகே

பதில்: மச்சானை முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வரைபடம் ஜாதகம் மாதிரி ‘இது நடக்கும்’ என்று சொல்லவில்லை. இதுவரை எப்படி வளர்ந்ததோ அதே போக்கு, அதே சாலைகள், அதே தடைகள் அப்படியே நீடித்தால் கட்டடம் எங்கே போகக்கூடும் என்று நூறு தடவை ஓட்டிப் பார்த்து, அதிகத் தடவை நிரம்பிய கட்டங்களுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். நடுவில் ‘நீடித்தால்’ என்று ஒரு சொல் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் வரும்போது அதுதான் முதலில் உதிர்ந்துபோகும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-லிருந்து 1990 வரையிலான வரைபடங்களைக் கொடுத்து ஒரு மாதிரியைப் பழக்கியிருந்தால் அது ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? ஏரி, வயல், கோயில், நெடுஞ்சாலையோரம் கொஞ்சம் வளர்ச்சி. 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் ஆலை வந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது, தெற்குப் பக்கம் முழுக்க மென்பொருள் அலுவலகம் என்று ஆனது. இவை எந்தக் கட்டமும் அக்கம்பக்கத்தைப் பார்த்து எடுத்த முடிவுகள் இல்லை. கோட்டையில் எடுத்தவை. ஒரு கையெழுத்தில் நகரத்தின் ஈர்ப்பே இடம் மாறிவிட்டது. அக்கம்பக்க விதிக்கு அது எட்டாது.

அப்படியானால் எதற்கு இந்த மாதிரி என்று கேட்பீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க. வாஷிங்டன், பால்டிமோர் சுற்றுவட்டாரத்துக்கு ஸ்லூத்தை ஓட்டி 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் ஒரே ஒரு எதிர்காலத்தைச் சொல்லவில்லை. இப்போதைய போக்கிலேயே விட்டால் 2030-ல் எப்படி, கட்டுப்படுத்தினால் எப்படி, இயற்கையை முன்னிறுத்திக் காப்பாற்றினால் எப்படி என்று மூன்று வரைபடம் போட்டார்கள். மாற்றியது பெரும்பாலும் அந்த விலக்கு அடுக்கைத்தான். நான் இந்த விஷயத்தில் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான்: ஐந்து எண்களும் அளவுதிருத்தமும் கணக்குக்காரர்களின் விஷயம், ஆனால் எந்தக் கட்டத்துக்கு 100 போடுவது, எதற்குப் பூஜ்யம் என்பது அரசியல். பள்ளிக்கரணைக்கு 2022-ல், சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதன் விளிம்பில் இருக்கிற கட்டங்களுக்கு 100-ஆ, 40-ஆ? 100 போட்டு ஒரு தடவை, 40 போட்டு ஒரு தடவை ஓட்டினால் இரண்டு வரைபடத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கண்ணெதிரே நிற்கும், எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலின் மேல் என்று. ஒரு பொதுக் கூட்டத்தில் வைத்துப் பேசுவதற்கு அதை விட நல்ல காகிதம் கிடையாது. சென்னைக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகும் இந்தச் சமயத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்சேபனை கேட்பதை விட, இந்த மாதிரி இரண்டு மூன்று எதிர்காலத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் சாதாரண ஜனங்களும் நாலு வார்த்தை பேச முடியும்.

நிலம் வாங்குவதைப் பற்றி: பட்டா, கைடுலைன் மதிப்பு, தண்ணீர், வழி. இவை நான்கையும் பாருங்கள். சிவப்பைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த எங்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் கட்டத்தில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? – வாசகி, கண்ணகி நகர்

பதில்: அம்மா, நேராகச் சொல்கிறேன், நீங்கள் அதில் இல்லை. நீங்கள் வந்தபோது ஒக்கியம் துரைப்பாக்கத்தில் சில கட்டங்கள் வெள்ளையிலிருந்து கறுப்பாயின, மாதிரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை ‘வளர்ச்சி’ என்று பதிந்துகொண்டிருக்கும். பெருகிவந்த குடும்பமா, பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பமா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் விட்டுவந்த ஆற்றோரக் குடிசை பழைய படத்தில் கட்டடமாகவே பதியாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, கூரையும் மரமும் சேர்ந்த கலங்கிய கட்டமாக. கறுப்பான கட்டம் திரும்ப வெள்ளையாகாது என்பது பெரும்பாலான மாதிரிகளில் எழுதாத சட்டம். இடித்துத் தள்ளுவதும் காலி செய்யவைப்பதும் அந்த உலகத்தில் நடப்பதே இல்லை.

இதே காரணத்தால் உயரமும் தெரியாது. மயிலாப்பூரில் தனி வீட்டை இடித்து எட்டு வீடுள்ள அடுக்குமாடி கட்டினால் கட்டம் முன்பும் கறுப்பு, பின்பும் கறுப்பு. பெரும்பாக்கத்தின் உயர்ந்த குடியிருப்பு பிளாக்குகளும் பக்கத்துத் தனி வீடுகளும் ஒரே நிறம். மனிதர்களை மாதிரிக்குள் கொண்டுவர வேறு முறைகள் இருக்கின்றன, ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனி முடிவெடுப்பவராக வைத்து ஓட்டுவது. ஆனால் அதற்கு யார், எங்கே, என்ன வாடகை, எந்தப் பஸ் என்ற தகவல் வேண்டும். கட்டடத்தை வானத்திலிருந்து எண்ணலாம், இதை வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

கேள்வி: இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே. இந்தக் கட்ட விளையாட்டு இன்னும் எதற்கு? – வாசகர், ஓசூர்

பதில்: ஏஐ இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சியா லி, ஆந்தனி யே இருவரும் சீனாவின் முத்து நதி டெல்டா நகரங்களுக்காக 2000-களின் தொடக்கத்திலேயே விதிகளுக்குப் பதில் நரம்பு வலைப்பின்னலை, அதாவது பழைய உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிற நிரலை, வைத்து ஓட்டினார்கள். கட்டம் அப்படியே இருக்கும், விதியை மனிதன் எழுதாமல் வலைப்பின்னல் கற்றுக்கொள்ளும். நன்மை, நமக்குத் தோன்றாத காரணங்களையும் பிடிக்கும். தொல்லை, ஏன் இந்தக் கட்டம் சிவப்பு என்று கேட்டால் பதில் வராது. ஆட்சேபனை சொல்ல வந்த விவசாயியிடம் ‘வலைப்பின்னல் சொல்லிவிட்டது’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: எங்கள் கல்லூரியில் திருப்பூருக்கு இதைச் செய்து பார்க்க ஆசை. பணம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது? – மாணவர்கள், திருப்பூர்

பதில்: பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். அதில் மொலூஸ்கே என்ற இணைப்பு, மேலே சொன்ன நரம்பு வலைப்பின்னலும் செல்லுலார் ஆட்டோமேட்டாவும் சேர்ந்தது, முதல் முயற்சிக்கு அது போதும். உங்கள் க்யூஜிஐஎஸ் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். படத்துக்கு லேண்ட்சாட், 2015-க்குப் பிறகு என்றால் 10 மீட்டர் அளவில் ஐரோப்பியர்களின் சென்டினல்-2, சாலைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். எல்லாம் இலவசம். படங்களை எல்லா வருடத்துக்கும் ஒரே மாதத்தில் எடுங்கள்.

ஸ்லூத்தையே ஓட்டுவோம் என்று அடம்பிடித்தால், அது சி மொழியில் எழுதிய பழைய காலத்து யூனிக்ஸ் நிரல். வரைபடங்களை எட்டு பிட் சாம்பல் நிற ஜிஃப் படங்களாகத்தான் வாங்கிக்கொள்ளும், ஆம், வாட்ஸ்அப்பில் ஆடுகிற பூனை வருமே அதே ஜிஃப். எல்லா அடுக்கிலும் வரிசையும் பத்தியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், கோப்பின் பெயரை அது கேட்கிற முறையில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முறைத்துக்கொண்டு நிற்கும்.

திருப்பூரில் ஒரு விசேஷம், நொய்யலும் அதன் குளங்களும் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன, சாயப்பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் வீடுகளோடு கலந்து கிடக்கின்றன. வீடு வேறு, பட்டறை வேறு என்று பிரிக்க முயன்றால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. இரண்டு வார்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்து வாருங்கள், மென்பொருள் என்ன சொன்னது, அங்கே என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு எனக்கு எழுதினால் அடுத்ததைச் சொல்கிறேன்.